எட்மண்ட் சாருக்கு ஒரு ஜன்னல் சீட்

ஷைலாவின் வீடு சாம்பியன் ரீப்ஸில். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு எட்டு நிமிஷ நடை. பெங்களூர் போகும் காலை ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்கும், ஏறிக்கொள்ளலாம். புத்தியுள்ளவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஷைலா ஒன்பது வருஷமாக அப்படிச் செய்யவில்லை. அரை மணி முன்னாலேயே எழுந்து, புருஷன் சகாயத்தை எழுப்பி, அவனுடைய ஸ்கூட்டரில் ஒரு ஸ்டேஷன் பின்னால் போய், ரயில் புறப்படும் மாரிக்குப்பத்திலேயே ஏறினாள். ஏறியதும் நாலாவது பெட்டியில், வெயில் படாத பக்கத்தில், ஜன்னலோரமாக ஒரு நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையை விரிப்பாள். அந்த ரயிலில் கைக்குட்டை போட்ட இடம் பட்டா போட்ட இடம். அதற்குப் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள்.

ஜன்னலோரம் அவளுக்கு இல்லை. நாலு ஸ்டேஷன் தாண்டி பெமல் நகரில் ஏறப்போகும் எட்மண்ட் சாருக்கு.

எட்மண்ட் சார் ஷைலா வேலை பார்க்கும் கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர். ஒயிட்பீல்டு பக்கத்தில் மருந்து டப்பாக்களுக்கு அட்டைப் பெட்டி அச்சடிக்கும் கம்பெனி அது. ஊர்க்காரர், ஒரே பங்குக் கோயில், ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசை, கோயில் திருவிழாக் கமிட்டியில் நிரந்தர உறுப்பினர். ஷைலாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வாங்கிக் கொடுத்ததை அவரும் மறக்கவில்லை, அவளையும் மறக்க விடவில்லை.

ஏறியதும் கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுப்பார். "தேங்க்ஸ்மா" என்பார். பங்காருபேட்டை வருவதற்குள் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கிவிடுவார். ஒயிட்பீல்டு வரை தலை சாய்ந்து ஷைலாவின் தோளில் இடிக்கும்போது, அவள்தான் மெல்ல நகர்ந்து இடம் கொடுப்பாள்.

இதையெல்லாம் ஷைலா ஒரு சேமிப்பாக நினைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் கொடுமை. சுரங்கத்துக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். அப்பா வால்டர், நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் கூண்டு லிஃப்டில் ஆட்களை இறக்கி ஏற்றும் வேலையில் இருந்தவர். அந்தக் காலத்தில் யாரும் யாரிடமும் போய்ச் சம்பளத்தை உயர்த்திக் கொடு என்று கேட்டதில்லை. போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள், கிரேடு ஏறியிருக்கும். வீடு கம்பெனி கொடுக்கும், ஆஸ்பத்திரி கம்பெனி கொடுக்கும், விளக்கு கம்பெனி கொடுக்கும். கம்பெனிதான் ஒருநாள் ஆட்களை விட்டுப் போனது. ஆட்கள் கம்பெனியை விட்டுப் போனதில்லை. சுரங்கத்தை மூடிப் பல வருஷமாகியும் அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் புத்தி மட்டும் மூடவில்லை. எந்தத் தகர ஷெட்டில் வேலைக்குப் போனாலும் அதற்குள் ஒரு பழைய கம்பெனியைத் தேடுவார்கள். ஒழுங்காக இருந்தால் மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று நம்புவார்கள். மேலே இருப்பவர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்பதைத் தோளில் இடிக்கும் தலை சொன்னாலும் காதில் ஏறாது.

ஷைலா சம்பள உயர்வைக் கேட்காமல் இல்லை. கேட்டாள். கேட்ட கதையைச் சொன்னால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

முதலில் ரயிலில் கேட்டாள். எட்மண்ட் சார் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ட்ரெயின்ல ஆபீஸ் விஷயம் வேணாம்மா. நாலு பேரு கேட்டுகினு இருப்பாங்க. ஆபீஸ்ல பேசு."

ஆபீசில் போய்க் கேட்டாள். கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "இங்க வேணாம். சுவருக்குக் காது கீது. நாம ஒரே ஊரு, ஒண்ணாத்தான போறோம் வர்றோம்? ட்ரெயின்ல நிதானமா பேசிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் கேட்டாள். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆண்டவரோட நாள்மா இன்னிக்கி" என்றார்.

ரயில், ஆபீஸ், கோயில் என்று மூன்று இடத்துக்கும் அவளைப் பந்தாக அடித்தே ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டார் மனுஷன். நடுநடுவே ஏதோ கொடுத்தார்கள். பஸ் கட்டணம் ஏறும்போது அது கரைந்துபோகும் அளவுக்கு ஒரு தொகை. அதைக் கொடுக்கும்போது எட்மண்ட் சார் தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்.

வேலையில் ஷைலா சாமானியப்பட்டவள் இல்லை. அட்டைப் பெட்டியின் மூடியைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவினால் போதும், பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். போன வருஷம் இரண்டு லட்சம் பெட்டிகள் லாரி ஏறும் நேரத்தில், மருந்து காலாவதியாகும் தேதிக்கான கட்டமே அச்சில் விடுபட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்து லாரியை நிறுத்தியவள் அவள்தான். அப்படியே போயிருந்தால் கம்பெனி அந்த மருந்துக்காரர்களை இழந்திருக்கும். முதலாளி மும்பையிலிருந்து பறந்து வந்து விழா வைத்தார். எட்மண்ட் சாருக்குக் கண்ணாடியில் செய்த ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஷைலாவுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ். அந்தக் கேடயத்தைச் சாயங்கால ரயிலில் உடையாமல் மடியில் வைத்து ஊர் கொண்டுவந்து சேர்த்தவளும் ஷைலாதான். எட்மண்ட் சார் தூங்க வேண்டுமே.

"உனக்கு வெக்கமா இல்ல?" என்று அன்றைக்குக் கேட்டாள் சுனிதா. எதிர் சீட்டில் வருகிறவள், கே.ஆர்.புரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மனசில் பட்டதைச் சொல்லிவிடும் ஜாதி.

"இன்னாத்துக்கு வெக்கம்? நம்ம சாருதான?" என்றாள் ஷைலா. அப்போதும் உள்ளே சுருக்கென்றது. ஆனால் சுருக்கென்றதை எல்லாம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை.

எல்லாம் மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை. மாறியதற்குக் காரணம் ஷைலாவின் ரோஷம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய் சொல்லக் கூடாது. எட்மண்ட் சார் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய்விட்டார். மூணு நாள் லீவு. ஜன்னலோரத்தில் யாருக்காகவும் கைக்குட்டை போட வேண்டியிராததால் ஷைலாவே அங்கே உட்கார்ந்தாள். ஷட்டரை ஏற்றிவிட்டாள். ஒன்பது வருஷம் போய் வந்த பாதையை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மாலூரைத் தாண்டியதும், தண்டவாளத்தை ஒட்டி ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம். மதில் முழுக்க ஒரு பேனர் கட்டியிருந்தது. மருந்துப் பெட்டி அச்சடிக்கும் புதுத் தொழிற்சாலை. தரம் பார்க்க அனுபவமுள்ள ஆட்கள் தேவை என்று கன்னடத்தில் ஆள் உயரத்துக்கு எழுதி, கீழே போன் நம்பர். பேனர் வெயிலில் வெளுத்திருந்தது. புதிதாகக் கட்டியது இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. எத்தனை மாசமாகத் தொங்கியதோ. தினமும் அதன் முன்னால்தான் போயிருக்கிறாள், தோளில் ஒரு தலையைச் சுமந்துகொண்டு, மூடிய ஷட்டரைப் பார்த்துக்கொண்டு.

"மாலூரா?" என்று முகத்தைச் சுளித்தாள் ஷைலா. இதுவும் அந்த ஊர்ப் புத்திதான். வேலை என்றால் பெங்களூரில் இருக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் பயணம் பண்ணினால்தான் உத்தியோகம். பாதி வழியில் இறங்கினால் கௌரவக் குறைச்சல்.

"ஆமா, மாலூரு. செங்கல்லு சூளைதான் கீது, போவாத" என்றாள் சுனிதா. "நீ கடைசி வரைக்கும் தலைகாணி வேலையே பாரு." சொல்லிக்கொண்டே அந்த நம்பரைத் தன் போனில் படம் எடுத்து ஷைலாவுக்கு அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு ஷைலா மாலூரில் இறங்கினாள். அவளைப் பார்த்துப் பேசியவள் லதா என்ற ஒரு மேடம், அந்தத் தொழிற்சாலையின் தலைமை. கன்னடம் கலந்த தமிழ். பேச்சு குறைவு. இருபது அட்டைப் பெட்டிகளை மேஜையில் பரப்பி, இதில் எது தேறாது என்று மட்டும் கேட்டாள். ஷைலா கட்டைவிரலால் தடவி ஆறு பெட்டிகளைத் தள்ளி வைத்தாள். லதா மேடம் ஐந்துதான் எதிர்பார்த்திருந்தாள். ஆறாவதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே யாரையோ கூப்பிட்டு அதைக் காட்டினாள்.

"நிமகே எவ்ளோ வேணும்? சொல்லுங்க" என்றாள்.

ஷைலா ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள்தான். ஆனால் எவ்வளவு என்று யாரும் அவளைத் திருப்பிக் கேட்டதில்லை. அதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை. சம்பளச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

லதா மேடம் அதைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். "இது வாரத்துக்கா?" என்று கேட்டிருந்தாலாவது சிரித்துவிட்டுப் போகலாம். அவள் அப்படியெல்லாம் கேட்கவில்லை. "ஒன்பது வருஷா?" என்று மட்டும் மெல்லக் கேட்டுவிட்டு, சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். எழுத்துத் தெரியாதவர்களிடம் காகிதத்தைத் திருப்பிக் கொடுப்போமே, அந்தப் பதவிசு. ஷைலாவுக்கு முகம் பற்றி எரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

லதா மேடம் ஒரு தாளில் தொகையை எழுதிக் காட்டினாள். பழைய சம்பளத்தைப்போல் ஒன்றரை மடங்கு. "சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அதுக்கப்புறம் வேற ஒருத்தர் வருவாங்க."

அன்று சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டையில் சகாயத்தின் மொபைல் ரீசார்ஜ் கடையில் விஷயத்தைச் சொன்னாள். சகாயம் நல்லவன். நல்லவனாக இருப்பதைத் தவிர வேறு சிரமம் எதுவும் எடுத்துக்கொள்ளாதவன். சுரங்கத்தை மறுபடி திறக்கப் போகிறார்கள் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை பேப்பரில் வருவதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். சுவரில் இனி இடமில்லை.

"இன்னா ஷைலா, கம்பெனிய வுட்டுட்டுப் போறதா?" என்றான். "எட்மண்ட் சாரு இன்னா நெனைப்பாரு? ஞாயித்துக்கிழமை கோயில்ல எப்பிடி மூஞ்ச காட்றது?"

"உங்களுக்கு கோயில்ல மூஞ்ச காட்ட முடியாதுங்கறதுதான் கவலையா?"

"ஒரு தபா அவருகிட்ட சொல்லிப் பாரேன். போறேன்னு சொன்னா குடுத்துருவாரு. நம்ம மனுசன்தான?"

அவளுக்கும் அந்த நப்பாசை இருந்தது. இல்லை என்றால் அது பொய். மாலூர் தாள் கையில் இருக்கிறது, அதைக் காட்டினால் எட்மண்ட் சார் பதறிப்போவார், எழுந்து நின்றுவிடுவார், இத்தனை நாள் உன்னைக் கவனிக்கவில்லையே என்று சொல்வார். ராத்திரி முழுக்க அவரை அப்படிப் பேசவைத்துப் பார்த்தாள். அவர் சொன்னால் தங்கிவிடுவது என்றுகூட முடிவு செய்திருந்தாள். இவளைப் போன்றவர்களை நம்பித்தான் அவரைப் போன்றவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

வேளாங்கண்ணியிலிருந்து திரும்பிய எட்மண்ட் சார் வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வந்தார். ரயிலில் ஷைலா வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சார், சம்பளம் விஷயமா."

"அட, இத ட்ரெயின்ல..."

"இல்ல சார். இங்கயே. இப்பவே." தாளை மேஜைமேல் வைத்தாள். "மாலூர்ல கூப்புட்றாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும். அவங்க ஏத்தறதுல பாதி ஏத்திக் குடுத்தாலும் நான் இங்கயே இருந்துர்றேன்."

தாளின் தொகையைப் பார்த்ததும் எட்மண்ட் சாரின் புருவம் ஏறியது. உடனே இறங்கிவிட்டது. அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பெரியவர்கள் பிள்ளைகளின் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"மாலூரா? அங்க இன்னா கீதும்மா? நாளைக்கே மூடிட்டுப் போய்டுவான். நம்ம ஜனங்களுக்கு நம்ம ஜனங்கதான். மார்ச் முடியட்டும். மேல சொல்லி ஒனக்கு சீனியர்னு போட வைக்கிறேன். சீனியர் குவாலிட்டி! கார்டு அடிச்சுக் குடுக்கச் சொல்றேன்."

"சம்பளம் சார்?"

"பணம் இன்னிக்கி வரும், நாளைக்குப் போவும். பேரு நிக்கும்." சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். ஒரு வாய் எடுத்தார். எடுத்தவருக்கு ஏதோ ஞாபகம் வந்தது. நிஜமான கவலை அவர் முகத்தில் அப்போதுதான் தெரிந்தது.

"ஏம்மா, நீ போயிட்டா எனக்கு யாரு சீட்டு புடிப்பாங்க?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

ஷைலா அவரையே பார்த்தாள். இரண்டு லட்சம் பெட்டிகள் அவர் நினைவுக்கு வரவில்லை. அவளுடைய கட்டைவிரல் வரவில்லை. யார் இனிமேல் லாரியை நிறுத்துவார்கள் என்று கேட்கவில்லை. ஒன்பது வருஷத்தில் இந்த மனுஷன் அவளிடம் கண்ட ஒரே திறமை, ஜன்னலோரத்தில் கைக்குட்டை விரிப்பது. வேதனையைவிட அருவருப்புதான் அவளுக்கு முதலில் வந்தது. அவர்மேல் கொஞ்சம், தன்மேல் நிறைய.

வெளியே வந்து லதா மேடத்துக்குப் போன் போட்டாள். பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதி, எட்மண்ட் சாரிடம் ஒரு பிரதி, கம்பெனிக்கு மெயிலில் ஒரு பிரதி அனுப்பினாள். விதிப்படி இன்னும் ஒரு மாசம் வேலை பார்க்க வேண்டும். எட்மண்ட் சார் கடிதத்தைப் படிக்காமலே டிராயரில் போட்டார். "கோவம் ஆறட்டும்" என்றார். அன்றைக்குச் சாயங்கால ரயிலிலும் சனிக்கிழமை ரயிலிலும் அவர் வழக்கம்போல் தூங்கினார். ஷைலா வழக்கம்போல் நகர்ந்து இடம் கொடுத்தாள். உடம்புக்குப் பழக்கம் போக நாளாகும்.

திங்கட்கிழமை சகாயம் ஸ்கூட்டரை எடுத்தான். "வேணாம், தூங்குங்க" என்று சொல்லிவிட்டு ஷைலா சாம்பியன் ஸ்டேஷனுக்கு நடந்தாள். எட்டு நிமிஷம். ரயில் வந்தது. நாலாவது பெட்டியில் ஏறினாள்.

பெட்டி பாதிக்குமேல் காலி. சுனிதா தன் இடத்தில் இருந்தாள். அவளுக்கு எதிரே ஜன்னலோரம் காலியாகக் கிடந்தது. அதற்குப் பின்னாலும் ஒரு ஜன்னல் காலி.

"சாம்பியன்ல ஏறுனாலே சீட்டு கெடைக்குதா?" என்றாள் ஷைலா.

"எப்பவும் கெடைக்கும். நீதான் மாரிக்குப்பத்துக்கு ஓடிகினு இருந்த."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டாள். ஷைலா ஜன்னலோரம் உட்கார்ந்து ஷட்டரை ஏற்றினாள். உரிகம் வந்தது, கோரமண்டல் வந்தது. கூட்டம் ஏறியது. பக்கத்து இடமும் போனது. பெமல் நகரில் எட்மண்ட் சார் ஏறும்போது நிற்கத்தான் இடம் இருந்தது.

நேராக நாலாவது பெட்டிக்கு வந்தார். ஜன்னலைப் பார்த்தார், ஷைலாவைப் பார்த்தார். அவள் எழுந்து கொடுப்பாள் என்று கொஞ்ச நேரம் நின்றார்.

"சீட்டு எங்கம்மா?"

"கூட்டம் சார்" என்றாள் ஷைலா.

பங்காருபேட்டையில் இன்னும் ஐம்பது பேர் ஏறினார்கள். எட்மண்ட் சார் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பையையும் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்றவரின் டிபன் கேரியர் வயிற்றில் இடிக்க, பின்னால் நின்றவரின் முழங்கை முதுகில் குத்த, நின்றார். தூக்கத்துக்குப் பழகிய முகம் விழித்திருக்கத் தெரியாமல் தொங்கியது. பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுத வேண்டும்தான். இல்லை, நன்றாக இருந்தது.

ரயில் பங்காருபேட்டையைவிட்டுக் கிளம்பி ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். எட்மண்ட் சார் இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு ஷைலாவின் பக்கம் குனிந்தார்.

"ஷைலா, நான் நேத்து யோசிச்சேம்மா. ஒரு நாலாயிரம் ஏத்திடலாம். மேல கேக்கத் தேவையில்ல. எனக்கே பவர் கீது."

எதிர் சீட்டில் சுனிதா வாயைப் பொத்திக்கொண்டாள். ஷைலா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, ஆறு" என்றார். டேக்கல் ஸ்டேஷன் வந்தது. அங்கேயும் ஆள் ஏறினார்கள். அவர் இன்னும் நசுங்கினார். "மாலூர்க்காரன் தர்ற அதே பணம். இந்த மாசத்துலேந்தே."

மார்ச் முடியவில்லை. முதலாளி மும்பையிலிருந்து வரவில்லை. ஒன்பது வருஷம் இல்லாத பணம், இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே, நின்ற காலில் வந்துவிட்டது. பணம் எப்போதும் இருந்திருக்கிறது. பவரும் அவரிடமே இருந்திருக்கிறது. அவருக்குத்தான் ஒருநாளும் கால் வலிக்கவில்லை.

ஷைலா திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி மட்டும் சொன்னாள்.

"ட்ரெயின்ல ஆபீஸ் விஷயம் வேணாம் சார்."

மாலூரில் ரயில் நின்றது. எதிர் வரிசையில் ஒருவர் எழுந்து இறங்கினார். இடம் காலியானது. எட்மண்ட் சார் எட்டிப் பார்த்தார், நடுவே நாலு பேர் நின்றதால் அவரால் நகர முடியவில்லை. ஷைலாவின் கை தானாகப் பைக்குள் போய் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையை எடுத்தது. அந்தக் காலி இடத்தை நோக்கி நீண்டது. எட்மண்ட் சாரின் முகம் மலர்ந்தது.

நீண்ட கையை அவள் பார்த்தாள். அடக் கழுதை, என்று அதைத் திட்டிக்கொண்டாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். பூக்கூடையோடு ஏறிய ஒரு பெண் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். ரயில் கிளம்பியதும் வெள்ளைக் கட்டடம் வந்தது. ஆள் கிடைத்துவிட்டதென்று மதிலில் பேனரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.